தேனீ முத்திரை

சிட்னியின் வடக்கே வாரூங்காவில் இருக்கிறது எங்கள் வீடு. அதில் பத்துப் பேர் இருக்கிறோம். நான், மனைவி, எங்கள் இரண்டு பிள்ளைகள், அண்ணன், அண்ணி, அவர்களுடைய மூன்று பிள்ளைகள், அம்மா. இதை முதலில் சொல்லிவிடக் காரணம் உண்டு. எங்களுக்கு இந்தப் பக்கம் நாலு வீடு, அந்தப் பக்கம் நாலு வீடு. எட்டும் எங்கள் வீட்டைப் போலப் பெரியவை. முன்னால் புல்வெளி, பின்னால் தோட்டம், தெருவை மூடி நிற்கும் மரங்கள். அந்த எட்டு வீட்டிலும் சேர்த்துப் பதினைந்து பேர்தான் குடியிருக்கிறார்கள். ஒரு சாயங்காலம் அம்மாவோடு நடந்து போகும்போது விரல் விட்டு எண்ணிப் பார்த்தோம். அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "அத்தனை ரூமையும் யாருடா பெருக்கறா?" என்று கேட்டாள்.

நாங்கள் 2019-ல் இந்த வீட்டை வாங்கினோம். அதற்கு முன் இரண்டு குடும்பமும் வெண்ட்வொர்த்வில்லில் ஒரே தெருவில் தனித்தனி அபார்ட்மெண்ட். அம்மா ஒரு மாதம் அங்கே, ஒரு மாதம் இங்கே. மாதக் கடைசியில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முந்நூறு அடி நடந்து வருவாள். பெட்டி சின்னதுதான். ஆனால் ஒவ்வொரு முறையும் மருந்து டப்பாவையும் சாமி படத்தையும் மறக்காமல் எடுத்து வைக்க வேண்டும். அண்ணன்தான் ஒருநாள், "ரெண்டு வாடகைக் காசையும் ஒண்ணாச் சேர்த்தா என்ன?" என்று கேட்டான்.

கேட்பதற்குச் சுலபமாக இருந்தது. பத்திர வேலை பார்த்த கன்வேயன்சர் அம்மாள் எங்களை உட்காரவைத்துச் சொன்ன விஷயத்தை இங்கே எழுதிவைக்கிறேன். அண்ணன் தம்பி சேர்ந்து வீடு வாங்க நினைக்கும் யாருக்காவது உதவும். நியூ சவுத் வேல்ஸில் இரண்டு பேர் சேர்ந்து நிலம் வாங்கினால் இரண்டு விதமாகப் பதியலாம். 'ஜாயிண்ட் டெனண்ட்ஸ்' என்று பதிந்தால் ஒருவர் இறந்ததும் அவருடைய பங்கு தானாக மற்றவருக்குப் போய்விடும். உயில் எழுதியிருந்தாலும் அது செல்லாது. கணவன் மனைவி பெரும்பாலும் இப்படித்தான் பதிகிறார்கள். 'டெனண்ட்ஸ் இன் காமன்' என்றால் அவரவர் பங்கு அவரவருடையது. யாருக்கு வேண்டுமானாலும் எழுதி வைக்கலாம். இரண்டு குடும்பம் சேர்ந்து வாங்கும்போது இரண்டாவதுதான் சரி. இல்லாவிட்டால் அண்ணன் போனால் அண்ணியும் பிள்ளைகளும் தம்பியின் தயவில் நிற்க வேண்டிவரும். இதைச் சத்தமாகச் சொல்லவே எங்களுக்கு நா எழவில்லை. அந்த அம்மாள்தான் தயங்காமல் சொன்னார். இன்னொன்றும் சொன்னார். பங்குதாரர்களில் ஒருவர் விற்க நினைத்து இன்னொருவர் மறுத்தால், சொத்துமாற்றச் சட்டத்தின் 66ஜி பிரிவின்படி கோர்ட்டுக்குப் போய் விற்பனைக்கு ஆணை வாங்கலாம். அதனால், "கையெழுத்துப் போடறதுக்கு முந்தி, பிரியறதா இருந்தா எப்படிப் பிரியறதுன்னு ஒரு தாளில் எழுதிக்கோங்க" என்றார். எழுதினோம். அந்தத் தாள் அம்மாவின் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் இருக்கிறது. இதுவரை யாரும் எடுத்துப் பார்த்ததில்லை.

வாங்கியது ஏலத்தில். சனிக்கிழமை காலை, வீட்டின் முன் புல்வெளியிலேயே ஏலம் நடந்தது. சாதாரணமாக வாங்கினால், மனம் மாறிப் பின்வாங்க ஐந்து வேலை நாள் அவகாசம் உண்டு. ஏலத்தில் அது கிடையாது. சுத்தியல் விழுந்ததும் பத்து சதவீதம் கட்டியாக வேண்டும். அண்ணன் கை தூக்க, நான் அவன் முதுகுக்குப் பின்னால் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எல்லைத் தொகையைத் தாண்டினால் இழுப்பது என்று பேசி வைத்திருந்தோம். தாண்டினான். நான் இழுக்கவில்லை.

வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1901-ல் ஆஸ்திரேலியக் காலனிகள் ஒன்றாகி ஒரே நாடானதை ஒட்டி எழுந்த பாணி இது. 'ஃபெடரேஷன்' வீடு என்பார்கள். சிவப்புச் செங்கல், சரிந்த சிவப்பு ஓட்டுக்கூரை, முன்னும் பக்கவாட்டிலும் சுற்றி வரும் வராந்தா, அதன் தரையில் சின்னச் சின்னக் கட்டம் போட்ட ஓடு, வாசற்கதவின் இரு பக்கமும் ஈயப்பட்டி வைத்த வண்ணக் கண்ணாடி. உள்ளே கூரை பன்னிரண்டு அடி உயரம். ஜனவரியில் வெளியே நாற்பது டிகிரி அடித்தாலும் நடுக்கூடத்தில் தாக்குப்பிடிக்கலாம். ஜூலையில் அதே உயரம் பகையாகிவிடும். ஹீட்டர் போட்டால் சூடெல்லாம் மேலே போய் நின்றுகொள்ளும். தரைப் பலகைக்கு அடியில் காற்று ஓட வேண்டும் என்று சுவரின் அடியில் ஓட்டைக் கற்கள் வைத்திருக்கிறார்கள். குளிர்காலத்தில் அதை அடைத்தால் என்ன என்று எனக்கும் தோன்றியது. அடைக்கக் கூடாது. அடைத்தால் ஈரம் தங்கும், மரம் உளுத்துப்போகும், கரையான் வரும். கரையானுக்காக வருடத்துக்கு ஒருமுறை ஆள் வந்து டார்ச்சோடு வீட்டுக்கு அடியில் ஊர்ந்து பார்த்துவிட்டுப் போவார்.

எங்களுக்கு முன் இந்த வீட்டில் முப்பது வருஷத்துக்கு மேல் ஒரு தம்பதி இருந்தார்கள். கணவர் போன பிறகு அந்த அம்மாள் மட்டும் ஒன்பது வருஷம். முன்னறை எப்போதும் மூடியே இருந்ததாகப் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். விருந்தாளி வந்தால் திறப்பார்கள், கிறிஸ்துமஸுக்குத் திறப்பார்கள், அவ்வளவுதான். நாங்கள் முதன்முதலில் திறந்தபோது ஜன்னல்கள் ஒன்றும் அசையவில்லை. பல முறை பெயின்ட் அடித்து அடித்துச் சட்டமும் ஜன்னலும் ஒன்றாக ஒட்டிப்போயிருந்தன. வீட்டிலேயே பெரிய அறை, தெருவைப் பார்த்த அறை, மூச்சு விட வழியில்லாமல் கிடந்தது.

அந்த ஜன்னல்களைத் திறந்ததுதான் இந்த வீட்டில் நான் கற்றுக்கொண்ட முதல் வேலை. மேலும் கீழும் நகரும் ஜன்னல். ஒரு கையால் தூக்கி எந்த உயரத்தில் விட்டாலும் அங்கேயே நிற்க வேண்டும். எப்படி நிற்கிறது என்று சட்டத்தைக் கழற்றும்வரை எனக்குத் தெரியாது. முதலில் கத்தியால் பெயின்ட் கோட்டைக் கீறி, முன்னால் அடித்திருக்கும் மெல்லிய மரப்பட்டியை உடையாமல் நெம்பி எடுக்க வேண்டும். பிறகு ஜன்னலையே கதவு போலச் சாய்த்து வெளியே எடுக்கலாம். பக்கச் சட்டம் உள்ளே கூடாக இருக்கிறது. அதன் அடியில் ஒரு சின்ன மரமூடி. அதைத் திறந்து கைவிட்டால் அம்மிக் குழவி போல நீளமான இரும்பு உருளை ஒன்று தட்டுப்படும். மேலே ஒரு சின்னக் கப்பி, அதன் வழியாகப் பருத்திக் கயிறு, கயிற்றின் ஒரு முனையில் ஜன்னல், மறுமுனையில் இந்த இரும்பு. இரண்டு பக்கத்து இரும்பும் சேர்ந்தால் ஜன்னலின் எடைக்குச் சமம். கிணற்றுக் கப்பியும் ஏற்றமும் பார்த்து வளர்ந்தவனுக்கு அந்தக் கணக்கு உடனே புரிந்தது. எங்கள் முன்னறையில் மூன்று ஜன்னல், ஆறு கயிறும் அறுந்து, ஆறு இரும்பும் சுவருக்குள் விழுந்து கிடந்தன. அண்ணன் மகன் ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வரிசையாக வைத்தான். துருவைத் துடைத்தோம், புதுக் கயிறு கட்டினோம். மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை மதியம் முதல் ஜன்னல் ஒற்றை விரலுக்கு ஏறி நின்றது. அம்மா அங்கேயே ஒரு நாற்காலியைக் கொண்டுவரச் சொல்லி உட்கார்ந்துவிட்டாள். அன்றிலிருந்து முன்னறை அம்மாவுடையது.

மரத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்த வீட்டைப் பற்றிச் சொல்ல முடியாது. பின்தோட்டத்தின் வடமேற்கு மூலையில் ஒரு புளூ கம் நிற்கிறது. யூகலிப்டஸ் இனம்தான். ஆனால் நம் ஊரில் ரோட்டோரம் பார்க்கும் தைல மரத்தை மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். இது முப்பது மீட்டருக்குக் குறையாது. அடியில் கணுக்காலுக்கு உறை போட்டதுபோல முரட்டுப் பட்டை, அதற்கு மேல் வழவழவென்று சாம்பலும் நீலமுமான உடம்பு. பட்டை நாடா போல உரிந்து தொங்கும். மழை பெய்த மறுநாள் காலையில் அந்த உடம்பைப் பார்த்தால் குளித்துவிட்டு வந்து நிற்பதுபோல இருக்கும்.

இந்த மரம் ஏன் இங்கே நிற்கிறது என்று தேடிப் படித்தபோதுதான் இந்தப் புறநகரே எனக்குப் புரிந்தது. சிட்னியின் வடக்கில் நிலம் பெரும்பாலும் மணற்பாறை. சத்தில்லாத மண். ஆனால் மேட்டின் முதுகில் மட்டும் களிப்பாறையிலிருந்து வந்த கனமான, வளமான மண் உண்டு. மழையும் இந்த மேட்டில் அதிகம். அதனால் இங்கே மட்டும் புளூ கம்மும் பிளாக்பட் என்ற இன்னொரு யூகலிப்டஸும் வானத்தைத் தொடும் காடாக வளர்ந்தன. முதலில் மரவெட்டிகள் வந்தார்கள், பிறகு பழத்தோட்டக்காரர்கள். 1890 ஜனவரி 1-ந் தேதி ஹார்ன்ஸ்பியிலிருந்து செயின்ட் லியனார்ட்ஸுக்கு ரயில் ஓடியது. ரயிலுக்கும் சாலைக்கும் வசதி மேட்டின் முதுகுதான். காற்றும் பார்வையும் வேண்டிய பணக்காரர்களுக்கு வசதியும் மேட்டின் முதுகுதான். 1932-ல் துறைமுகப் பாலம் திறந்ததும் இன்னும் கூட்டம் வந்தது. மரம் விரும்பிய அதே மண்ணைத்தான் மனிதனும் விரும்பினான். அந்தக் காட்டில் இன்று ஐந்து சதவீதம்கூட மிச்சமில்லை. அழிவின் விளிம்பில் இருக்கும் காடு என்று சட்டமே பட்டியல் போட்டிருக்கிறது. எங்கள் வீட்டு மூலையில் நிற்பது அந்தக் காட்டில் தப்பித்த ஒரு ஆள்.

அதற்கு முன்னால் இங்கே இருந்தவர்கள் பழங்குடி மக்கள். வாரூங்கா என்ற சொல்லே அவர்கள் மொழியிலிருந்து வந்தது, 'எங்கள் வீடு' என்று பொருள் என்கிறார்கள். பத்திரத்தில் அண்ணன் பெயரும் என் பெயரும் இருக்கின்றன. ஊரின் பெயர் மட்டும் இன்னும் அவர்களுடையதாக இருக்கிறது. கடிதத்தில் முகவரி எழுதும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.

நாங்கள் குடிவந்த மூன்றாம் வருஷம், கோடையில் ஒரு சாயங்காலம், இருட்டிக்கொண்டு வந்து அரை மணி நேரம் அடித்த புயலில் அந்த மரத்தின் கிளை ஒன்று முறிந்து கூரைமேல் விழுந்தது. தனி மரம் போல ஒரு கிளை. அண்ணனின் கடைசிப் பெண் படுக்கும் அறைக்கு மேலே, முப்பது ஓடுக்கு மேல் நொறுங்கியது. அந்த நேரம் அவள் சமையலறையில் இருந்தாள். உள்ளே மழை கொட்ட, நாங்கள் பாத்திரம் வைத்துப் பிடித்தோம். அண்ணி அந்தப் பெண்ணை மடியை விட்டு இறக்கவே இல்லை. மறுநாள் காலையில் என்னிடம், "அந்த மரம் வேணாம். என் பிள்ளைய விட மரம் ஒசத்தி இல்ல" என்றார். நான் பதில் சொல்லவில்லை. சொல்ல எனக்கு வாய் இல்லை.

வளர்ந்த மரத்தை நம் இஷ்டத்துக்கு வெட்ட முடியாது. நம் நிலத்தில் நின்றாலும் கவுன்சில் அனுமதி வேண்டும். மரம் பார்க்கும் நிபுணர் ஒருவரை வரவழைத்தோம். ரப்பர் சுத்தியலால் அடிமரத்தைச் சுற்றித் தட்டித் தட்டிக் காது வைத்துக் கேட்டார். பானை வாங்கும்போது அம்மா தட்டிப் பார்ப்பதுபோலவே இருந்தது. கயிறு கட்டி மேலே ஏறினார். மரம் நன்றாக இருக்கிறது, வேர் நன்றாக இருக்கிறது, காய்ந்த கிளைகளையும் கூரைப்பக்கம் நீண்ட கனமான கிளை ஒன்றையும் எடுத்தால் போதும் என்று எழுதிக் கொடுத்தார். கவுன்சிலும் அதற்கு மட்டும் அனுமதி தந்தது. அண்ணி ஒரு வாரம் யாரோடும் சரியாகப் பேசவில்லை. கடைசியில் தீர்வு சொன்னது அம்மா. "முன்னறை மரத்துக்கு எட்டாத தூரம். அங்க பெருசா எடம் இருக்கு. பொண்ணு என்கூடப் படுத்துக்கட்டும்." அப்படித்தான் அன்றிலிருந்து பாட்டியும் பேத்தியும் முன்னறையில். கிளை விழுந்த அறை இப்போது துணி மடிக்கும் அறை. வீடு பெரிதாக இருந்ததால்தான் அந்தச் சண்டைக்கு இப்படி ஒரு வழி பிறந்தது. வெண்ட்வொர்த்வில் அபார்ட்மெண்டில் இருந்திருந்தால் ஒன்று மரம் போயிருக்கும், அல்லது மனசு முறிந்திருக்கும்.

உடைந்த ஓட்டுக்கு மாற்று ஓடு தேட வேண்டியிருந்தது. இந்த வீட்டின் முகப்பையும் கூரையையும் கண்டபடி மாற்ற முடியாது, தெருவே பாரம்பரியப் பாதுகாப்புப் பகுதி. ஓட்டுக்காரர் பார்த்துவிட்டு, இந்த அச்சு இப்போது யாரும் செய்வதில்லை என்று கையை விரித்தார். அப்போதுதான் பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேல் தலையை நீட்டினார். எண்பதைத் தாண்டியவர், மனைவியை இழந்தவர். "எத்தனை வேண்டும்?" என்றார். தன் வீட்டுக்கு அடியில் குனிந்து போய் முதல் ஓட்டை எடுத்துத் திருப்பிக் காட்டினார்.

அதன் அடிப்பக்கத்தில் ஒரு தேனீ இருந்தது. கட்டைவிரல் நகம் அளவுக்கு மண்ணிலேயே அழுத்திய தேனீ, இறகு விரித்தபடி. அதைச் சுற்றி கிஷார் கார்வின் கம்பெனி என்றும் மார்செய் என்றும் பிரெஞ்சில் எழுத்து. பிரான்ஸின் மார்செய் துறைமுகத்திலிருந்து 1880-களின் கடைசியில் கப்பலேறி வரத் தொடங்கிய ஓடு அது. 1914-ல் போர் வந்து வரத்து நின்றபிறகுதான் இங்கேயே பெரிய அளவில் சுட ஆரம்பித்தார்கள். நான் ஓட்டைக் கையில் வாங்கியதும் அதன் ஓரத்தைத் தடவிப் பார்த்தேன். ஒன்றின்மேல் ஒன்று கொக்கி போட்டு உட்காரும் அந்தக் காடி எனக்குத் தெரியும். எங்கள் தாத்தா வீட்டுத் திண்ணைக்கு மேலே இருந்தது மங்களூர் ஓடு. 1865-ல் பேசல் மிஷன் பாதிரிகள் மங்களூரில் தொடங்கிய தொழிற்சாலை போட்ட பாதை. அதுவும் இதுவும் ஒரே குடும்பம். என் உள்ளங்கைக்கு அந்த ஓடு அந்நியமாகத் தெரியவில்லை. அம்மா வாங்கிப் பார்த்துவிட்டு, "நம்ம சீமை ஓடு" என்றாள்.

அவரிடம் ஏன் இத்தனை ஓடு என்று கேட்டேன். 1991 ஜனவரி 21-ந் தேதிப் புயலைச் சொன்னார். பிம்பிளையும் டுராமுராவையும் இந்தப் பக்கத்தையும் அடித்துப்போட்ட புயல். மரங்கள் சாலை நெடுக விழுந்து கிடந்தன, ஆயிரக்கணக்கான வீடுகளுக்குச் சேதம். அவருடைய கூரையில் பாதி போனது. ஓட்டுக்காக ஊரெல்லாம் அலைந்தாராம். அன்றிலிருந்து எங்கேயாவது பழைய வீட்டை இடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டால் வண்டியை எடுத்துக்கொண்டு போய் உடையாத ஓடுகளைக் கேட்டு வாங்கி வந்து அடுக்கி வைத்துவிடுவார். "இடிப்பவர்களுக்கு அது குப்பை. நான் கேட்டால் சந்தோஷமாகத் தருவார்கள்" என்றார். எங்களுக்கு நாற்பது கொடுத்தார், காசு வாங்கவில்லை. அம்மா தேங்காய் பர்பி செய்து அனுப்பினாள். அடுத்த வாரம் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தவர் முன்னறையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசிவிட்டுப் போனார். அம்மாவுக்கு ஆங்கிலம் கொஞ்சம்தான், அவருக்குக் காது கொஞ்சம்தான். ஆனாலும் பேச்சு ஓடியது. முப்பது வருஷம் பக்கத்திலேயே இருந்தும் இந்த அறைக்குள் மூன்று முறைதான் வந்திருப்பதாகச் சொன்னார்.

கிளையை எடுத்த வருஷமே குளிர்காலத்தில், அந்த மரம் இருக்க வேண்டும் என்று அண்ணியே சொல்லும்படி ஒன்று நடந்தது. இரவில் ஆழமான குரல் கேட்க ஆரம்பித்தது. 'ஊ' என்று ஒன்று, கொஞ்சம் விட்டு 'ஹூ' என்று இன்னொன்று. ஒரு காலை அண்ணிதான் துணி காயப்போடப் போனவர் மேலே பார்த்துவிட்டு எங்களைக் கூப்பிட்டார். கிளையில் ஓர் ஆந்தை, இரண்டடி உயரம் இருக்கும், மஞ்சள் கண், காலின் பிடியில் பாஸம் என்ற, மரத்தில் வாழும் சின்ன விலங்கின் பாதி உடல். வாலைப் பார்த்தால் ரிங்டெயில் பாஸம் என்று தெரிந்தது. 'பவர்ஃபுல் அவுல்' என்பது அதன் பெயர், ஆஸ்திரேலியாவின் மிகப் பெரிய ஆந்தை. இரவில் பிடித்த இரையின் மிச்சத்தைப் பகல் முழுக்கக் காலில் பிடித்துக்கொண்டே தூங்குமாம். அது குஞ்சு பொரிக்கப் பெரிய மரப்பொந்து வேண்டும். அவ்வளவு பெரிய பொந்து விழ மரத்துக்கு நூறு வருஷத்துக்கு மேல் ஆக வேண்டும். இன்று ஒரு கன்று நட்டால் அது பொந்து விடும்போது எங்கள் பேரன்களின் பேரன்கள் இருப்பார்கள். அண்ணி ரொம்ப நேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். "இதுக்கும் வீடு வேணுமில்ல" என்று மட்டும் சொன்னார். பயம் போய்விடவில்லை. காற்று அடித்தால் இப்போதும் எழுந்து வந்து பிள்ளைகளை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் படுப்பார்.

இந்த மரங்கள் தானாகத் தப்பவில்லை. 1927-லேயே ஆன்னி வயட் என்ற பெண்மணி எங்கள் கவுன்சில் பகுதியான கூரிங்காயில் மரத்தை நேசிப்பவர்களுக்கு ஒரு சங்கம் தொடங்கினார். காடு வெட்டப்படுவதைத் தடுக்க அலைந்தார். 1945-ல் நியூ சவுத் வேல்ஸில் நேஷனல் டிரஸ்ட் உருவானதும் அவரால்தான். பழைய வீட்டையும் மரத்தையும் காப்பாற்றும் அந்த அமைப்புக்கு விதை விழுந்தது எங்கள் ரயில் பாதையோரத்தில்தான்.

ஊரிலிருந்து யாராவது வந்தால் கிளிசோல்ட் சாலையில் இருக்கும் ரோஸ் சைட்லர் வீட்டைக் காட்டக் கூட்டிப் போவேன். எங்கள் வீட்டுக்கு நேர் எதிர்க் குணம். தட்டையான கூரை, எங்கும் கண்ணாடி, காலில் தூக்கி நிறுத்திய வெள்ளைப் பெட்டி. வியன்னாவில் பிறந்து நாஜிகளுக்குத் தப்பிப் போய், கனடாவிலும் அமெரிக்காவிலும் படித்த ஹாரி சைட்லர் என்ற இளைஞர், பெற்றோர் அழைத்ததால் 1948-ல் சிட்னிக்கு வந்து தன் அம்மா ரோஸுக்காகக் கட்டியது. 1950-ல் முடிந்தது. மறுவருஷம் கட்டடக்கலைக்கான சுல்மன் பதக்கம் வாங்கியது. கட்டடக்கலை படிக்கிறவர்கள் அதன் வடிவத்தைப் பார்ப்பார்கள். எனக்கு அங்கே முக்கியமாகப் படுவது வேறு. அதே நிலத்தில் அப்பாவின் உடன்பிறந்தவர் குடும்பத்துக்கும் பக்கத்திலேயே வீடு கட்டினார் ஹாரி. நாடு இழந்து வந்த குடும்பம் வாரூங்காவில் முதலில் செய்தது உறவுகளைக் கூப்பிடு தூரத்தில் உட்காரவைத்ததுதான். அம்மாவிடம் அதைச் சொன்னதும் அவள் கண்ணாடிச் சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "பையன் நல்ல பையன்" என்றாள்.

இப்போது எங்கள் பக்கம் பேச்செல்லாம் இடிப்பதைப் பற்றித்தான். 2024-ல் மாநில அரசு ரயில் நிலையங்களைச் சுற்றி 400 மீட்டருக்குள் ஆறு மாடிவரை கட்டலாம் என்று விதி மாற்றியது. எங்கள் பாதையில் ரோஸ்வில், லிண்ட்ஃபீல்ட், கிலாரா, கார்டன் நான்கும் அதில் வந்தன. கவுன்சில் கோர்ட்டுக்குப் போனது, பிறகு மாற்றுத் திட்டம் கொடுத்தது. கார்டன் எங்களுக்கு நாலு ஸ்டேஷன் தள்ளி. ஆனால் அங்கே பேசுவது இங்கேயும் கேட்கிறது. இரண்டு மூன்று வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரே துண்டாக விற்றால் தனித்தனியாக விற்பதைவிடக் கூடுதல் கிடைக்கும் என்று ஏஜெண்டுகளின் கடிதம் தபால் பெட்டிக்கு வராத மாதமில்லை.

என் நிலை என்ன என்று நண்பர்கள் கேட்கிறார்கள். ஸ்டேஷன் பக்கத்தில் மாடி வீடுகள் வருவதை எதிர்த்து நான் கையெழுத்துப் போடவில்லை. என் பெரிய பையனின் வாத்தியார் ஒவ்வொரு நாளும் ஒன்றரை மணி நேரம் வண்டி ஓட்டி வருகிறார். ஆஸ்பத்திரியில் அம்மாவைப் பார்த்துக்கொண்ட நர்ஸும் அப்படித்தான். அவர்கள் எங்கே இருப்பார்கள்? காலி வீடுகளைச் சுற்றி வேலி போட்டுக்கொண்டு 'எங்கள் ஊரின் அழகு' என்று பேச எனக்கு மனம் வராது. ஆனால் பதினைந்து பேர் இருக்கும் எட்டு வீடுகளை இடித்தால்தான் ஆள் வர முடியும் என்பதையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எங்கள் வீட்டில் ஒரு செங்கல் நகராமல் ஒருவர் இருந்த இடத்தில் பத்துப் பேர் இருக்கிறோம். பின்பக்கம் 60 சதுர மீட்டருக்குள் தனிக்குடில் கட்ட இந்த மாநிலத்தில் வழி இருக்கிறது. 2024 ஜூலையிலிருந்து பெரும்பாலான குடியிருப்புப் பகுதிகளில் ஒரே மனையில் இரண்டு குடித்தனத்துக்கும் வழி வந்துவிட்டது. பெரிய வீட்டை உள்ளே இரண்டாகவோ மூன்றாகவோ பிரித்துக் கொடுப்பது இன்னும் சுலபமாக வேண்டும். சமையலறை இரண்டு போடக் கேட்டால் தாள் மேல் தாள் கேட்கிறார்கள். அதை மாற்றினால் மரமும் நிற்கும், ஆளும் வருவார்கள். இதைக் கவுன்சில் கூட்டத்தில் மூன்று நிமிடம் எழுந்து நின்று சொன்னேன். யாரும் கை தட்டவில்லை. ஆனால் ஓர் அம்மாள் வாசலில் காத்திருந்து, தன் வீட்டில் நாலு அறை காலியாக இருக்கிறது, எப்படி ஆரம்பிப்பது என்று கேட்டார்.

சென்ற வருஷம் பக்கத்து வீட்டுக்காரர் முதியோர் குடியிருப்புக்குப் போக முடிவு செய்தார். முழங்கால் முடியவில்லை. வீட்டை மகள்தான் விற்கிறார். வாங்குகிறவர் இடிப்பாரா வைத்திருப்பாரா என்று யாருக்கும் தெரியாது. போவதற்கு முந்தின சனிக்கிழமை காலையில் வந்து கதவைத் தட்டினார். "ஓடுகள் மிச்சம் இருக்கின்றன. உங்கள் வீட்டுக்கு அடியில் இடம் இருக்கிறதா?"

அவர் வீட்டுக்கு அடியில் நானும் அண்ணனும் தவழ்ந்து போனோம். மூன்று தூணுக்கு நடுவே நெருக்கமாக அடுக்கி வைத்திருந்தார், ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவில் பழைய செய்தித்தாள். மேலே இருந்த தாளில் தேதி 1996. நாங்கள் உள்ளேயிருந்து எடுத்துக் கொடுக்க, என் பையன்கள் வாங்கி வேலியருகே நின்ற அண்ணியிடம் கொடுக்க, அண்ணி என் மனைவியிடம், அவள் அண்ணன் பிள்ளைகளிடம் என்று வரிசையாக எங்கள் வீட்டுக்கு அடிவரை கைமாறிப் போயிற்று. வேலியில் இரண்டு பலகையை அவரே கழற்றி வழிவிட்டிருந்தார். கடைசிப் பெண் ஒவ்வொரு ஓட்டையும் திருப்பித் தேனீ இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த கைக்குக் கொடுத்தாள். அதனால் வேலை மெதுவாகத்தான் நடந்தது. யாரும் அவசரப்படுத்தவில்லை.

அவரும் அம்மாவும் வராந்தாவில் இரண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். முதல் ஓடு கண்ணுக்கு எதிரே போனதும் அம்மா களத்துமேட்டில் நெல் அளப்பதுபோல எண்ண ஆரம்பித்தாள். "லாபம்... ரெண்டு... மூணு..." ஒன்று என்று சொல்லாமல் ஏன் வேறு ஏதோ சொல்கிறார் என்று அவர் என் மனைவியிடம் கேட்டார். அவள் விளக்கிச் சொன்னதும் தலையாட்டிக்கொண்டார். அடுத்த அடுக்கு வந்தபோது, அம்மாவுக்கு முந்தி அவர் சொன்னார், "லாபம்."